சதை பின்வாங்கும் பவளத்தைக் காப்பாற்ற: முதல் மணிநேரத்திலிருந்து மூன்றாம் மாதம் வரை

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் நேற்று வரை நன்றாக விரிந்து நின்ற பவளத்தின் ஓரத்தில் வெள்ளையாக எலும்பு தெரிகிறது. பார்த்ததும் கை பரபரக்கும். பாதித் தண்ணீரை மாற்றுவது, வீட்டில் இருக்கும் பாட்டில்களை எல்லாம் திறப்பது, பவளத்தைத் தூக்கி வேறு மூலையில் வைப்பது எல்லாம் ஒரே மாலையில் நடந்துவிடும். தானே தேறியிருக்கக்கூடிய பவளமும் இந்த வைத்தியத்தில் போய்விடும். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். முதலில் வேகத்தைப் பாருங்கள், பிறகு சேதம் எங்கே தொடங்கியது என்று பாருங்கள், பிறகு அளந்து பாருங்கள். கை வைப்பது கடைசியில். இரண்டே சூழ்நிலைகளில் மட்டும் இந்த வரிசை மாறும். அவை முதல் படியிலேயே வருகின்றன.

1. என்ன நடக்கிறது, எவ்வளவு வேகமாக?

வெளுப்பும் சதை பின்வாங்கலும் ஒன்றல்ல. வெளுத்த பவளத்தில் சதை அப்படியே இருக்கும். உள்ளே வாழும் பாசி வெளியேறியதால் நிறம் மட்டும் போயிருக்கும். டார்ச் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பார்த்தால் கண்ணாடி போன்ற மெல்லிய படலமும் பாலிப்பும் (வாயும் இழைகளும் உள்ள சிறு உயிர்) தெரியும். சதை பின்வாங்கினால் அந்த இடத்தில் வெற்று எலும்பு, அதன் துளைகளும் வரிகளும் கூர்மையாகத் தெரியும். மூன்றாவது வகை வெறும் சுருக்கம். பவளம் சுருங்கிக் கிடக்கும், ஆனால் எலும்பு எங்கும் தெரியாது. சுருங்கியதற்காக அன்றே எதுவும் செய்ய வேண்டாம்.

அடுத்தது வேகம். சதைக்கும், எலும்பின் மேல் பிடித்த பச்சைப் பாசிக்கும் நடுவே பளிச்சென்ற வெள்ளைக் கோடு இருக்கிறதா? இருந்தால் பின்வாங்கல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சதை முடியும் இடத்திலேயே பாசி தொடங்கினால் அது பழைய காயம், நின்றுபோன ஒன்று. பழைய காயத்துக்குப் புது வைத்தியம் தொடங்குவது நிறையப் பேர் செய்யும் தவறு.

உடனே கை வைக்க வேண்டிய இரண்டு சூழ்நிலைகள் இவை:

- அக்ரோபோரா போன்ற கிளைப் பவளத்தில் சதை நார்நாராக உரிந்து தண்ணீரில் பறக்கிறது, சில மணி நேரத்தில் கிளை கிளையாக வெள்ளையாகிறது. நேராக 7ஆம் படிக்குப் போங்கள்.
- ஹேமர், டார்ச், ஃப்ராக்ஸ்பான் போன்ற யூஃபிலியா வகைகளின் தலையில் பழுப்பு நிறச் சளி படர்ந்து நாறுகிறது. இது பழுப்புச் சளி நோய், பக்கத்துத் தலைகளுக்கும் தாவும். பவளத்தைத் தூக்குவதற்கு முன் எல்லாப் பம்பையும் நிறுத்துங்கள். சளியைச் சிறு குழாயால் வாளிக்கு உறிஞ்சுங்கள். அதன் பிறகே வெளியே எடுத்து 7, 8ஆம் படிகளைப் பாருங்கள். பம்ப் ஓடும்போது தூக்கினால் சளி தொட்டி முழுக்கப் பரவும்.

மற்ற எல்லாவற்றுக்கும் உங்களிடம் நாட்கள் இருக்கின்றன.

2. சேதம் தொடங்கிய இடம் காரணத்தைச் சொல்லும்

பவளத்தைக் கையில் எடுக்காமல், வெள்ளை வெளிச்சத்தில், நான்கு பக்கமும் பாருங்கள். நீல வெளிச்சத்தில் பாதி விஷயம் மறைந்துவிடும்.

*நுனியில் மட்டும் வெள்ளை.* ஆல்கலினிட்டி (பவளம் எலும்பு கட்ட இழுக்கும் கார்பனேட்டின் அளவு) அதிகம், அதோடு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கிட்டத்தட்ட பூஜ்யம் என்ற சேர்க்கையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வளரும் நுனிகள் வெள்ளையாகத்தான் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அங்கே பாலிப் இருந்தால் அது வளர்ச்சி. எலும்பு மட்டும் தெரிந்தால் சேதம்.

*அடியிலிருந்து மேலே.* ஆல்கலினிட்டி ஏறி இறங்குவது, சத்துக் குறைவு, அடிப்பகுதியில் நிழலும் ஓட்டமின்மையும், அல்லது பூச்சி. இந்த நான்கில் ஒன்று, பெரும்பாலும் முதலாவது.

*ஒரு பக்கம் மட்டும்.* அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பம்ப் வாய் நேராக அடிக்கிறதா? பக்கத்தில் கலாக்ஸியாவோ யூஃபிலியாவோ இருக்கிறதா? கலாக்ஸியாவின் தாக்கும் இழைகள் பகலில் தெரியாது. விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்துச் சிவப்பு டார்ச்சுடன் பார்த்தால், அவை விரல் நீளத்துக்கும் மேல் நீண்டு பக்கத்துப் பவளத்தைத் தடவுவது தெரியும்.

*மேல் பரப்பில் மட்டும்.* வெளிச்சம், அல்லது மேலே விழுந்து கிடக்கும் மணல். மணலைத் தோண்டும் மீனோ நத்தையோ இருந்தால் மூளைப் பவளத்தின் மேல் தினமும் மணல் விழும். அதன் அடியில் சதை அழுகும்.

*வட்ட வட்டமான வெளிறிய புள்ளிகள்.* அக்ரோபோராவில் இது தட்டைப்புழு கடித்த தடமாக இருக்கலாம். நிழல் விழும் பக்கத்தில்தான் அதிகம் தெரியும். மான்டிபோரா பவளத்தின் அடிப்பக்கத்தில் வெள்ளை ஓரமும், சில மில்லிமீட்டர் நீள வெள்ளைப் பூச்சிகளும் இருந்தால் அது நூடிபிராங்க் என்ற ஓடில்லா நத்தை.

*எல்லாப் பவளமும் ஒரே நேரத்தில்.* அப்படியென்றால் பவளத்தைப் பார்க்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். உப்பு, வெப்பம், ஆல்கலினிட்டி, இல்லையென்றால் நச்சு. பம்ப் காந்தத்தின் உறை வெடித்துத் துரு கசிவது, ஹீட்டர் கண்ணாடி விரிசல், குழாயைப் பிடிக்கும் உலோக வளையம், அறையில் அடித்த பூச்சி மருந்து அல்லது பெயின்ட், கையில் பூசிய கிரீம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வாருங்கள்.

3. அளவெடுங்கள், இந்த வரிசையில்

வாங்க வேண்டிய கருவிகளுக்கும் இதே வரிசைதான். பணம் குறைவாக இருந்தால் மேலிருந்து தொடங்குங்கள்.

உப்பு: 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது ஒப்படர்த்தி ஏறக்குறைய 1.026. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் போதாது. 35 பிபிடி சோதனைக் கரைசலில் வைத்துத் திருத்துங்கள். கருவி 2 பிபிடி தவறாகக் காட்டிக்கொண்டிருந்தால் மற்ற அளவுகளை வைத்து எடுக்கும் முடிவும் தவறிவிடும்.

வெப்பம்: 25 முதல் 26 டிகிரி. ஹீட்டரில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் தனி வெப்பமானியில் பாருங்கள். காலையிலும் விளக்கு அணையும் முன்பும் இரண்டு முறை.

ஆல்கலினிட்டி: 7.5 முதல் 9 டிகேஹெச் (ஆல்கலினிட்டியின் அலகு). இதற்குள் எது வேண்டுமானாலும் இருக்கட்டும், நாளுக்கு நாள் மாறாமல் இருக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

நைட்ரேட் 2 முதல் 15 மி.கி./லிட்டர், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மி.கி./லிட்டர். பாஸ்பேட்டுக்குச் சாதாரண நிறம் ஒப்பிடும் கிட் போதாது. இவ்வளவு சிறிய எண்ணைக் கண்ணால் பிரிக்க முடியாது. டிஜிட்டல் கலரிமீட்டர் வாங்குங்கள். அது பாஸ்பரஸை பிபிபியில் (நூறு கோடியில் ஒரு பங்கு) காட்டும் வகையானால், அந்த எண்ணை 3.07ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் பாஸ்பேட் கிடைக்கும்.

கால்சியம் 400 முதல் 450, மக்னீசியம் 1250 முதல் 1400 மி.கி./லிட்டர். இவை இரண்டும் ஒரே இரவில் பவளத்தைக் கொல்வதில்லை, கடைசியில் அளந்தால் போதும். பிஎச் 7.8க்கும் 8.4க்கும் நடுவே இருந்தால் அதைத் துரத்த வேண்டாம். பிஎச் ஏற்றும் பாட்டில்கள் ஆல்கலினிட்டியைத்தான் ஏற்றுகின்றன. இந்த நேரத்தில் அது வேண்டாத வம்பு.

சோதனைக் கிட்டில் உள்ள ரீஏஜென்ட் திரவத்தின் காலாவதித் தேதியைப் பாருங்கள். நம்ப முடியாத எண் வந்தால் மருந்து ஊற்றும் முன் மீண்டும் அளந்து, முடிந்தால் வேறொரு கிட்டிலும் சரிபாருங்கள்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், எண், அன்று என்ன மாற்றினீர்கள், அவ்வளவுதான். தினமும் ஒரே கோணத்தில் வெள்ளை வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். வெளியே யாரிடமாவது உதவி கேட்டாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

4. முதல் நாளில் செய்யக்கூடியவை

கார்பன்: நன்றாகக் கழுவிய ஆக்டிவேட்டட் கார்பனைத் தண்ணீர் ஓடும் இடத்தில் வையுங்கள். நச்சோ பவளங்களின் வேதிச் சண்டையோ காரணமாக இருந்தால் இது உதவும். இல்லாவிட்டால் பெரிய தீங்கு இல்லை. சிறிய அளவில் தொடங்குங்கள். மங்கிய தண்ணீர் திடீரென்று தெளிந்தால் வெளிச்சம் ஏறும், அதுவும் ஓர் அதிர்ச்சிதான்.

தண்ணீர் மாற்றம்: 10 முதல் 15 சதவீதம், அதற்கு மேல் வேண்டாம். புதுத் தண்ணீரின் உப்பும் வெப்பமும் தொட்டியோடு பொருந்த வேண்டும். இதில் ஒளிந்திருக்கும் பொறி உப்புப் பொட்டலத்தின் ஆல்கலினிட்டி. சில உப்புகள் கலந்தவுடனேயே 11, 12 டிகேஹெச் காட்டும். தொட்டியில் 7 இருக்க, 12 உள்ள தண்ணீரால் 20 சதவீதம் மாற்றினால் சில நிமிடங்களில் 8 ஆகிவிடும். பாதித் தண்ணீர் மாற்றினால் 9.5. தண்ணீர் மாற்றிய மறுநாள் நுனி கருகுவதற்கு இதுவே காரணம். கலந்த தண்ணீரை ஊற்றும் முன் அளந்து பாருங்கள்.

நச்சு என்று உறுதியானால் மட்டும் இந்த அளவைத் தாண்டலாம். அப்போதும் ஆல்கலினிட்டி பொருந்திய தண்ணீரால்தான்.

உப்பு தவறியிருந்தால் நாளுக்கு 1 பிபிடி வீதம் திருப்புங்கள். குறைவாக இருந்தால் ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் உப்புத் தண்ணீரை நிரப்பினாலே மெல்ல ஏறும்.

ஒரு நாளில் ஒரு மாற்றம்தான். இரண்டு செய்தால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

5. ஆல்கலினிட்டியைக் கணக்குப் போட்டுத் திருத்துங்கள்

பின்வாங்கும் பவளங்களில் பாதிக்கதை இங்கேதான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் உண்மையான கொள்ளளவு தெரிய வேண்டும். 200 லிட்டர் தொட்டியில் கல்லும் மணலும் போக 160 லிட்டர் தண்ணீர் இருக்கலாம். சம்ப் (வடிகட்டலுக்கான துணைத் தொட்டி) இருந்தால் அதையும் கூட்டுங்கள். தொட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணை வைத்து மருந்து ஊற்றுவதுதான் அளவு தவறுவதற்கு முதல் காரணம்.

100 லிட்டரில் 1 டிகேஹெச் ஏற்ற 3 கிராம் சோடியம் பைகார்பனேட் வேண்டும். சுத்தமான ஆப்பசோடா அதேதான். பேக்கிங் பவுடர் அல்ல, அதில் வேறு பொருட்கள் கலந்திருக்கும். சோடியம் கார்பனேட் பயன்படுத்தினால் 1.9 கிராம் போதும், ஆனால் அது பிஎச்சைத் தூக்கும். 160 லிட்டரில் அரை டிகேஹெச் ஏற்ற 2.4 கிராம் பைகார்பனேட். அதை ஒரு டம்ளர் ஆர்ஓ-டிஐ (உப்பெல்லாம் நீக்கிய) தண்ணீரில் முழுதாகக் கரைத்து, பம்ப் வேகமாக அடிக்கும் இடத்தில் மெல்ல ஊற்றுங்கள். பவளத்தின் நேர் மேலே வேண்டாம்.

ஒரு வேளைக்கு அரை டிகேஹெச், ஒரு நாளைக்கு ஒன்று. இதுதான் உச்சவரம்பு. பவளம் ஏற்கெனவே நொந்திருந்தால் நாளைக்கு அரை போதும். 5.5க்கு இறங்கிய தொட்டியை 8க்குக் கொண்டுவர ஐந்து நாள் ஆகட்டும்.

அதிகமாக இருந்தால் அமிலம் எதையும் ஊற்றாதீர்கள். மருந்தை நிறுத்துங்கள், பவளங்களே இழுத்துக் குறைக்கும். 

அடுத்து, தொட்டி தினமும் எவ்வளவு இழுக்கிறது? மருந்தை நிறுத்தி 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை அளந்து பாருங்கள். 8.2 இருந்தது 7.4 ஆனால் நாளுக்கு 0.4. அந்த 160 லிட்டர் தொட்டிக்கு அது ஏறக்குறைய 1.9 கிராம். இதைத்தான் இனி தினமும் ஈடுகட்ட வேண்டும். முடிந்தால் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து ஊற்றுங்கள். பின்வாங்கும் பவளம் எலும்பு கட்டுவதைக் குறைத்துக்கொள்ளும், அதனால் பழைய அளவிலேயே மருந்து போனால் ஆல்கலினிட்டி ஏறிக்கொண்டே போகும். மருந்தைத் தானாக ஊற்றும் டோசிங் பம்ப் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய இடம் இது.

1 டிகேஹெச் செலவாகும்போது கால்சியம் சுமார் 7 மி.கி./லிட்டர் குறையும். 100 லிட்டரில் கால்சியத்தை 10 மி.கி./லிட்டர் ஏற்ற, கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 3.7 கிராம். இதையும் பைகார்பனேட்டையும் ஒரே பாத்திரத்தில் கலக்காதீர்கள், சுண்ணாம்பாகத் திரிந்து அடியில் உட்கார்ந்துவிடும்.

6. சத்து பூஜ்யமாக இருந்தால்

"எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நல்லது" என்ற நினைப்பு ரீஃப் தொட்டியில் செல்லாது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமானால் பவளம் பட்டினி கிடக்கும். அந்த இடைவெளியில் டைனோஃப்ளாஜெல்லேட் என்ற பழுப்பு இழைச் சளியும் மணலில் படரும்.

பாஸ்பேட்டை உறிஞ்சும் ஜிஎஃப்ஓ என்ற இரும்பு ஆக்சைடு மணிகளை எடுத்துவிடுங்கள். சத்தைக் குறைக்கும் பாக்டீரியாவுக்காக வினிகர், வோட்கா ஊற்றும் கார்பன் டோசிங் இருந்தால் சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். மீன்களுக்கு ஒரு வேளை கூடுதல் தீனி கொடுங்கள். ஒரு வாரத்தில் எண் நகரவில்லை என்றால் சோடியம் நைட்ரேட் கொடுக்கலாம். 100 லிட்டரில் நைட்ரேட்டை 1 மி.கி./லிட்டர் ஏற்ற 137 மில்லிகிராம். நாளுக்கு 1 மி.கி.க்கு மேல் ஏற்ற வேண்டாம், 5 வந்ததும் நிறுத்துங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பாஸ்பேட் 0.3 இருக்கிறது என்று நிறைய ஜிஎஃப்ஓவைக் கொட்டி இரண்டே நாளில் 0.02க்கு இறக்குவது, அந்த 0.3ஐ விட மோசம். வாரக்கணக்கில் இறக்குங்கள். கல்லும் மணலும் உறிஞ்சி வைத்திருக்கும் பாஸ்பேட் மெல்ல வெளியே வந்துகொண்டே இருக்கும், அதனால் அவசரம் பயனில்லை.

7. வெட்டுவதும் பசையிடுவதும்

சதை உரியும் கிளைப் பவளத்தை வெட்டாமல் காத்திருந்தால் பெரும்பாலும் முழுதும் போகும். எலும்பு வெட்டும் கட்டரால், வெள்ளை முடியும் இடத்திலிருந்து குறைந்தது 1 செ.மீ. தள்ளி, நல்ல சதைக்குள் வெட்டுங்கள். கோட்டின் மேலேயே வெட்டினால் அழுகலும் துண்டோடு வரும். 2, 3 செ.மீ. துண்டுகள் பலவாக எடுங்கள். ஒன்றிரண்டு போனாலும் மீதி நிற்கும். துண்டுகளை ஜெல் வகை சயனோஅக்ரிலேட் பசையால் ப்ளக் என்ற சிறு அடித்தட்டில் ஒட்டி, தாய்ப் பவளத்திலிருந்து தள்ளி, மிதமான வெளிச்சமும் ஓட்டமும் உள்ள இடத்தில் வையுங்கள். முடிந்தால் வேறு தொட்டியில்.

மெல்லப் பின்வாங்கும் பவளத்துக்கு வெட்டாமலேயே ஒரு வழி உண்டு. ஓரத்தைத் துணியால் ஒற்றி, உயிருள்ள சதையின் 2 மி.மீ.யும் வெற்று எலும்பும் மூடும்படி அதே ஜெல் பசையை மெல்லிய பட்டையாகப் போடுங்கள். எல்லா நேரமும் நிற்காது. ஆனால் செலவில்லாத முயற்சி.

கிளை யூஃபிலியாவில் சதை தண்டில் கீழே வரை இறங்கியிருக்கும். நோயுற்ற தலையை அதன் தண்டோடு சேர்த்துப் பிரித்து எடுங்கள். நல்ல தலையை வெட்டுவதானால் சதை முடியும் இடத்துக்கு 2 செ.மீ. கீழே வெட்டுங்கள். சுவர் போல் ஒரே துண்டாக வளரும் வகையையும் மூளைப் பவளத்தையும் கட்டரால் நொறுக்காதீர்கள். அதற்குத் தண்ணீரில் ஓடும் வைர ரம்பம் வேண்டும். இல்லையென்றால் வெட்டாமல் விடுவதே மேல்.

பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போடாமல் எந்தப் பவளத்தையும் வெட்டாதீர்கள். பொத்தான் பாலிப் எனப்படும் சோவாந்திட், பாலிதோவா வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நச்சு இருக்கலாம். அவை ஒட்டிய கல்லைக் கொதிக்க வைக்கவோ, வெந்நீர் ஊற்றவோ, உலர்ந்த பிறகு சுரண்டவோ கூடாது. ஆவியையும் தூளையும் மூச்சில் இழுத்தவர்கள் மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார்கள். கையில் காயம் இருந்தால் அன்று வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

8. டிப்: எப்போது, எப்படி

டிப் என்றால் பவளத்தை மருந்துத் தண்ணீரில் சிறிது நேரம் முக்குவது. அதில் இரண்டு வகை. அயோடின் டிப் காயத்தில் கிருமியைக் குறைக்கும், பூச்சியைக் கொல்வதற்கு அதை நம்ப முடியாது. பூச்சி டிப் பூச்சியை உதிர்க்கும், காயத்தை ஆற்றாது. எதற்காகச் செய்கிறீர்கள் என்று தெரியாமல் டிப் செய்வது, நொந்த பவளத்துக்கு இன்னோர் அடி. பழுப்புச் சளி, வெட்டிய துண்டு, திறந்த காயம் இவற்றுக்கு அயோடின். கடித்த தடமோ பூச்சியோ கண்ணில் பட்டால் பூச்சி டிப்.

மூன்று பாத்திரங்களில் தொட்டித் தண்ணீரை எடுங்கள். முதலாவதில் பாட்டிலில் சொன்ன அளவு மருந்து, மற்ற இரண்டும் அலச. பவளத்தை முதலாவதில் வைத்து 10 நிமிடம், பிழி குழாயால் எல்லாப் பக்கமும் பீய்ச்சிக்கொண்டே இருங்கள். பாத்திரத்தின் அடி வெள்ளையாக இருந்தால் உதிர்ந்த தட்டைப்புழுக்கள் தெரியும். இரண்டிலும் அலசித் தொட்டியில் வையுங்கள். டிப் தண்ணீரில் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குத் திரும்பக் கூடாது.

முட்டைகள் டிப்பில் சாவதில்லை. தட்டைப்புழு முட்டைகள் சதையை ஒட்டிய வெற்று எலும்பில் பழுப்புத் திட்டாக இருக்கும். சுரண்டி எடுங்கள், பழைய ப்ளக்கைத் தூக்கி எறியுங்கள். பிறகு 5 முதல் 7 நாளுக்கு ஒரு முறை, ஆறு வாரம் டிப் தொடர வேண்டும். இரண்டு முறை செய்து பூச்சி தெரியவில்லை என்று நிறுத்தினால், முட்டையிலிருந்து வந்தவை மறுபடி தொடங்கும்.

9. வெளிச்சமும் ஓட்டமும்

இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். விளக்கைக் குறைப்பதானால் பவளத்தை நகர்த்த வேண்டாம், நகர்த்துவதானால் விளக்கைத் தொட வேண்டாம்.

பிஏஆர் (ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் வெளிச்சம்) மீட்டர் இரவல் கிடைத்தால் அளந்து பாருங்கள். மென்பவளங்களுக்கு 50 முதல் 100, யூஃபிலியா போன்ற பெரிய பாலிப் வகைகளுக்கு 80 முதல் 150, அக்ரோபோராவுக்கு 200 முதல் 350. புது விளக்கு போட்டிருந்தால் பாதி வலுவுக்கு இறக்கி வாரத்துக்கு 5 சதவீதம் ஏற்றுங்கள். வெளுத்த பவளத்துக்கும் குறைந்த வெளிச்சம்தான் வேண்டும், இருட்டு அல்ல.

ஓட்டம் பவளத்தை அசைக்க வேண்டும், எலும்போடு அழுத்தக் கூடாது. மூளைப் பவளத்தின் ஊதிய சதை பலத்த ஓட்டத்தில் தன் எலும்பின் கூர்மையிலேயே கிழியும். பம்பைக் கழுவிய பிறகும் கவனம் வேண்டும். மாதக்கணக்கில் அடைத்து மெதுவாகிப்போன பம்ப், வினிகரில் ஊறிச் சுத்தமானதும் பழைய வேகத்தில் அடிக்கும். கழுவி மாட்டும்போது வேகத்தைக் குறைத்து வையுங்கள்.

10. தீனி

வாய் மூடிச் சளி விடும் பவளத்துக்கு ஊட்டாதீர்கள், உள்ளே அழுகும். விரிந்து இழை நீட்டத் தொடங்கிய பிறகு வாரம் இரண்டு முறை, விளக்கு அணைந்தபின், பொடியாக நறுக்கிய மைசிஸ் என்ற சிற்றிறால். துண்டு பாலிப்பின் வாயைவிடச் சிறியதாக இருக்கட்டும். மீனும் இறாலும் பிடுங்காமல் இருக்கப் பாதி வெட்டிய பாட்டிலைக் கவிழ்த்து வைக்கலாம்.

11. காத்திருக்கும் காலம்

முதல் 48 மணி நேரத்தில் வெள்ளைக் கோடு அகலமாகாமல் இருந்தால் அதுவே வெற்றி. பாலிப் விரியவில்லை என்று கவலைப்பட வேண்டாம்.

இரண்டு வாரத்தில் சதையின் ஓரம் கிழிந்த துணி போல் இல்லாமல் உருண்டு தடித்திருக்கும். வெற்று எலும்பு பச்சையாகும். முடிப்பாசி நீண்டு சதையின் மேல் சாய்ந்தால் மட்டும் பவளத்தை வெளியே எடுத்து, மென்மையான பல் துலக்கும் பிரஷால் எலும்பை மட்டும் தேயுங்கள். இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி படர்ந்தால் விட்டுவிடுங்கள், அது நல்லது.

ஆறு முதல் எட்டு வாரத்தில் அக்ரோபோரா, மான்டிபோரா எலும்பின் மேல் மெல்லிய விளிம்பாகத் திரும்ப ஊரத் தொடங்கும். பெரிய பாலிப் வகைகள் மெதுவானவை, மூன்று மாதம் கழித்தும் சில மில்லிமீட்டர்தான் மூடியிருக்கும். அதுவரை புதுப் பவளம், புது மீன், புது மருந்து எதுவும் வேண்டாம்.

யூஃபிலியாவின் பாலிப் எலும்பைவிட்டுக் கழன்று மிதந்தால் பதறி எறிய வேண்டாம். ஓட்டம் குறைந்த இடத்தில் வலைக் கூடையில் விட்டால் சில சமயம் பிழைக்கும். முற்றிலும் வெள்ளையான எலும்பையும், நாறாத வரை, ஒரு மாதம் நிழலான மூலையில் வைத்திருங்கள். மடிப்புகளுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் சதைத் துணுக்கிலிருந்து பொட்டுப் பொட்டாகச் சின்ன பாலிப்புகள் கிளம்புவது உண்டு, குறிப்பாக மூளைப் பவளங்களில்.